புதுப்பிப்பு: வீடு மாறேக்க பிறிட்ஜும் வோஷிங் மெஷினும்

முந்தின பதிவு பெட்டி கட்டுறதைப் பற்றினது. மின்சாமான் எப்பிடி ஏத்துறது எண்டு கேட்டவைக்கு இது.

பிறிட்ஜை முதல்நாளே நிப்பாட்டி ஐஸ் கரைய விடுங்கோ. பின்பக்கத் தட்டில தேங்கின தண்ணியையும் ஊத்துங்கோ. நிமிர்த்தித்தான் ஏத்தவேணும். படுக்க வைச்சால் கொம்பிறசர் ஒயில் காஸ் குழாய்க்குள்ள ஏறிடும். வேற வழியில்லாமல் படுக்க வைச்சால், புது வீட்டில 24 மணித்தியாலம் நிமிர்த்தி வைச்சிட்டே பிளக்கைப் போடுங்கோ.

முன்கதவு வோஷிங் மெஷின் எண்டால், வாங்கேக்க கழட்டின, ட்றம் ஆடாமல் பிடிக்கிற போல்ட்டுகளைப் பின்பக்க ஓட்டைகளில திரும்பப் பூட்டாமல் ஏத்தவே கூடாது. ட்றம் ஸ்பிறிங்கில தொங்குது. போல்ட் இல்லாட்டி கிடங்கு விழுந்த றோட்டில அது அடிபட்டு, ஆட்டத்தைத் தாங்கிற ஷொக் அப்சோபர் போயிடும். கீழ் பில்டரைத் திறந்து மிச்சத் தண்ணியையும் வடிய விடுங்கோ.

ஒடுக்கமான ஒழுங்கைக்கு பெரிய லொறியை விடப் பட்டா எண்ட சின்ன லொறிதான் திறம். ஆனால் நிமிர்ந்து நிக்கிற பிறிட்ஜில முட்டக்கூடிய வயரையும் மாங்கொப்பையும் முதலே பாத்து வையுங்கோ.