இரும்பு அச்சில் காரீயக் குண்டு சுருக்கம் விழுந்து வருகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். இங்கே கிறிஸ்துமஸுக்குப் பிறகு சக்கிமுக்கித் துப்பாக்கியால் மான் வேட்டையாடத் தனிப் பருவம் உண்டு. என்னுடையது 0.50 அங்குலக் குழல். துணி சுற்றிப் போடும் 0.490 அங்குல உருண்டைக் குண்டுகளை நானே வார்க்க ஆசைப்பட்டு, பழைய இரும்பு அச்சு ஒன்றை வாங்கினேன்.

சுத்தமான காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிறது. ஆனால் முதல் இருபது குண்டுகளும் கிழவியின் கன்னம்போலச் சுருங்கி வந்தன. அச்சு சூடேறவில்லையா, குழியில் எண்ணெய்ப் பசை மிஞ்சியிருக்கிறதா? சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் வார்த்தேன். பிறகு வந்தவை பார்க்க அழகாக இருந்தாலும் எடை ஒன்றுபோல் இல்லை. 11.5 கிராம் இருக்க வேண்டியது சிலவற்றில் 11-தான். உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது என்றே நினைக்கிறேன். கரண்டியின் மூக்கை அச்சின் வாயோடு ஒட்டி ஊற்றுவதா, சற்று உயர்த்தி ஊற்றுவதா?

குழியின் ஓரத்தில் மெல்லிய துருவும் இருக்கிறது. உப்புத்தாள் போட்டால் அளவு கெட்டுவிடுமே என்று கை வைக்கவில்லை. அலுமினிய அச்சு சீக்கிரம் சூடேறும், துருப்பிடிக்காது என்பது தெரியும். ஆனாலும் இரும்பு சூட்டை நெடுநேரம் தாங்கும், நன்றாகப் பேணினால் தலைமுறைக்கும் உழைக்கும் என்பதால் இதை விட மனமில்லை.

வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் அண்டாத இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்துதான் வார்க்கிறேன். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் வெடித்துச் சிதறும் என்பதால் மழைநாளில் அடுப்பைத் தொடுவதில்லை.

இரும்பு அச்சில் வார்த்துப் பழகியவர்கள், துருவை எப்படி எடுத்தீர்கள், வேலை முடிந்ததும் அச்சை எப்படிப் பத்திரப்படுத்துகிறீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.