தீர்மானப் பதிவேட்டில் ஏறாத பேச்சு: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட அனுபவங்கள்

ஏழாம் வகுப்பு மாணவியின் தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பெற்றோரும் ஆசிரியரும் கூடிப் பள்ளியின் தேவைகளைப் பேசித் தீர்மானம் எழுதும் பள்ளி மேலாண்மைக் குழு எப்படி நடக்கிறது என்பது இங்கு எழுதும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் மாணவியருக்கென்று உள்ள இரண்டு கழிப்பறைகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மற்றொன்றில் தண்ணீர் வருவதில்லை. என் மகள் காலையில் நிரப்பிக்கொண்டு போகும் தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும், போனால் வெளியே ஒரு தோழி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பாடம் நடக்கும்போது இரண்டு பேரைச் சேர்த்து அனுப்ப மாட்டார்கள் என்கிறாள்.

கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். பக்கத்தில் இருந்த இன்னொரு தாய், மாதவிடாய் நாட்களில் தன் பெண் பள்ளிக்கே வருவதில்லை என்று சொன்னார். அதுவரை பேசாதிருந்த பெண்களும் அதன் பிறகு பேசினார்கள். தலைமையாசிரியர் பொறுமையாகத்தான் கேட்டார், அதில் எனக்குக் குறையில்லை. கூட்டம் முடிந்து கையெழுத்துக்காகத் தீர்மானப் பதிவேடு சுற்றி வந்தபோது, படித்துவிட்டுப் போடுகிறேன் என்று வாங்கிப் பார்த்தேன். "பள்ளியின் சுகாதார வசதிகள் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி இருந்தது. தாழ்ப்பாள் இல்லை என்பதையும் தண்ணீர் வரவில்லை என்பதையும் எழுதுங்கள் என்றேன். பதிவேட்டைப் பிடித்திருந்த ஆசிரியை, "எல்லாத்தையும் எழுத முடியாதும்மா, எழுதினா மேலேருந்து கேள்வி வரும்" என்றார்.

மேலிருந்து கேள்வி வர வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் பிள்ளைகள் படும் பாட்டையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அந்தப் பதில் இன்னும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அந்தத் தாயின் கோபம் நியாயமானது. ஆனால் பதிவேட்டில் எழுதத் தயங்குவதெல்லாம் மறைப்பதற்காக என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழுது பார்க்கவும் சாக்பீஸ் முதல் துடைப்பம் வரை வாங்கவும் எங்கள் கைக்கு வரும் பணம் பள்ளி மானியம் ஒன்றுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000 ரூபாய், 250 வரை 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும். 2024-25ஆம் ஆண்டில் இத்திட்டத்துக்கான மத்திய அரசின் பங்குத் தொகை தமிழ்நாட்டுக்கு வராமல் நிறுத்தப்பட்டிருந்ததை எல்லோரும் செய்தித்தாளில் படித்தோம். அந்த ஆண்டு மோட்டார் பழுதானபோது எந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்று எங்களைப் போன்றவர்கள் விழித்தோம்.

எனக்கு மறக்க முடியாத நிகழ்வும் இதைப் பற்றியதுதான். எங்கள் துப்புரவுப் பணியாளருக்குரிய ஊதியம் உள்ளாட்சி வழியாக வர வேண்டும். அது மாதக் கணக்கில் வராமல் போனதால் அவர் நின்றுவிட்டார். அடுத்த கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "டீச்சர், எங்க பிள்ளைங்கள கக்கூஸ் கழுவ விடுறீங்களா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அன்று காலையில் வாளியும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவியது நான். அந்த வாடை என் புடவையை விட்டு இன்னும் போயிருக்கவில்லை. மாணவர்களை ஒருநாளும் அந்த வேலைக்கு விட்டதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் கேட்டது தவறில்லை, வேறு பள்ளிகளில் அப்படி நடந்த செய்திகள் அவர் காதுக்கு வந்திருக்கும். ஆயினும், கேட்பதற்குப் பெற்றோருக்கு நான் ஒருத்திதான் எதிரில் இருக்கிறேன், ஊதியத்தை நிறுத்தி வைத்தவர்கள் அந்த அறையில் இல்லை என்பது அன்று எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பெற்றோரும் கூட்டத்துக்கு ஒழுங்காக வந்து, இத்தகைய விஷயங்களில் எங்களோடு ஊராட்சி அலுவலகத்துக்கும் வந்தால் நன்றாக இருக்கும்.

ஐந்தாம் வகுப்பு மாணவனின் தந்தை, தருமபுரி மாவட்டம்

பெற்றோர் ஒழுங்காக வர வேண்டும் என்று தலைமையாசிரியை எழுதியிருப்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். எங்கள் பகுதியில் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. என் மனைவி குழு உறுப்பினர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அங்கே காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் வருகைப் பதிவுக்காகப் புகைப்படம் எடுத்துச் செயலியில் ஏற்றுகிறார்கள். கூட்டம் இருந்த ஒருநாள் இரண்டாவது படம் எடுக்கத் தாமதமாகிவிட்டது. நின்று படம் எடுத்துக்கொண்டால் கூட்டம் போய்விடும், கூட்டத்துக்கு ஓடினால் கூலி போய்விடும். அவர் கூட்டத்துக்குப் போனார். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் இரண்டுக்கும் ஒரே ஆசிரியர் இருப்பதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு போயிருந்தார். அங்கே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அலுவலர் வருகிறார் என்று கூட்டத்தையே சீக்கிரம் முடித்துவிட்டார்கள். கூலியும் போய், கேட்க நினைத்ததும் வாய்க்குள்ளேயே நின்றுபோய் அவர் வீட்டுக்கு வந்த முகத்தை நான் பார்த்தேன். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இரண்டு பிள்ளைகளின் தாய், நாகப்பட்டினம் மாவட்டம்

என்னுடையது சிறிய விஷயம்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையில்தான் என்பதால் இங்கே எல்லோருக்கும் அதில் பெருமை உண்டு. என் மகன் மூன்றாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு, இருவரும் ஒரே நடுநிலைப் பள்ளி. நான் இறால் பண்ணை வேலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவதால் அவள்தான் தம்பியை அழைத்துக்கொண்டு போகிறாள். ஒருநாள் மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொடுக்கப் போனபோது, தம்பி தட்டில் பொங்கலும் சாம்பாரும் வாங்கிச் சாப்பிட, இவள் அவன் பையைச் சுமந்துகொண்டு தூணருகே நின்றிருந்தாள்.

கூட்டத்தில் கேட்டேன். விதி அப்படி, கணக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் என்றார்கள். ஆனால் எங்கள் தலைமையாசிரியர், எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்கக் கோருவதாக நான் சொன்னபடியே, காரணத்தோடு எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் முதல் பதிவை எழுதிய சகோதரிக்குச் சொல்கிறேன்: முழுதாக எழுதும் தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள்.

முன்னாள் மாணவர் என்ற முறையில் குழு உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்

2024இல் குழுக்களைத் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள், அப்படி நான் படித்த பள்ளிக்கே உறுப்பினரானேன். முதல் கூட்டத்தில் தலைவிக்குரிய நாற்காலியில் ஓர் ஆண் அமர்ந்திருந்தார். வேறு யாரோ அலுவலர் என்று நினைத்தேன். அவர் தலைவியின் கணவர். தலைவி பின்வரிசையில் மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். சத்துணவு அரிசி பற்றி ஆசிரியர் கேட்ட கேள்விக்கும் கணவரே பதில் சொன்னார். பதிவேடு வந்ததும் மட்டும், "இங்க வந்து கையெழுத்தப் போடு" என்று அவரை அழைத்தார். அவர் எழுந்து வந்து, வளைந்து நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் போனார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அந்த அம்மா சமையல் அறையில் உதவிக்கு நின்று பழகியவர், அரிசியில் வண்டு விழுந்திருப்பதைக் கூட்டத்துக்குப் பிறகு என்னிடம் தெளிவாக எடுத்துச் சொன்னார். கூட்டத்தில் அதைச் சொல்ல அவருக்கு இடமில்லை. தருமபுரி நண்பரின் மனைவியாவது பேசுவதற்கு ஆயத்தமாகப் போனார், அவரைத் தடுத்தது நேரம். இங்கே தடுத்தது வீட்டு ஆளே என்பதால் யாரிடம் புகார் செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற வட்டாரக் கல்வி அலுவலர், திருச்சிராப்பள்ளி மாவட்டம்

பணியில் இருந்தபோது ஒரு பள்ளியின் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினேன். மாதந்தோறும் அதே வாசகங்கள், அதே கையெழுத்து நடை. ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு தாய் தன் பெயருக்குக் கீழே பென்சிலால், "மேல் தொட்டிக்கு மூடி இல்லை" என்று எழுதியிருந்தார். ஏணி கொண்டுவரச் சொல்லி ஏறிப் பார்த்தேன். உள்ளே செத்த புறா மிதந்தது. அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். குறையை எழுதும்போது எந்தக் கட்டடம், எந்தக் கதவு, எந்த நாளிலிருந்து, யார் எதற்குள் சரிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்; ஆளும் தேதியும் இல்லாத தீர்மானத்துக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு திறக்க மாட்டார்கள். தீர்மானங்களை 'பெற்றோர் செயலி' என்ற கைப்பேசிச் செயலியில் ஏற்றும் நடைமுறை வந்திருப்பதால், கூட்டம் முடிவதற்கு முன்பே, ஏற்றியதைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர், மாணவியருக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே கட்டாயமாக்கப்பட்டவை. எனவே இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உரிய உள்ளாட்சி அதிகாரியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். தீர்மானத்தின் நகலைக் கிராம சபையில் வையுங்கள். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் இப்போது கிராம சபை கூடுகிறது. நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இவற்றையெல்லாம் வரிசையாகச் செய்தால் எந்தத் தலைமையாசிரியரும் பதிவேட்டில் மழுப்ப மாட்டார்.

ஐந்தாம் வகுப்பு மாணவனின் தந்தை, தருமபுரி மாவட்டம்

ஐயா சொல்வது அத்தனையும் சரியாக இருக்கலாம். அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தவர் 32ஆம் பிரிவில் புகார், கிராம சபை, தகவல் உரிமை என்று இன்னும் எத்தனை அரை நாள் விட வேண்டும் என்பதையும் அவர் சேர்த்து எழுதியிருக்கலாம். தொட்டியில் ஏறிப் பார்க்க ஏணி கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இருந்தது. எங்களுக்கு இருந்தது அந்தப் பென்சில் மட்டும்தான். என் கேள்வி எளிமையானது: கூட்டத்தை மாலை 5 மணிக்கு ஏன் வைக்கக் கூடாது?

நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை, விழுப்புரம் மாவட்டம்

தருமபுரிச் சகோதரருக்கு: உங்கள் மனைவியின் நிலையைப் படித்த பிறகு, என் பள்ளிக் குழுவில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் யார் யார் என்று இன்று விசாரித்தேன். பெண் உறுப்பினர்களில் பெரும்பாலோர் போகிறார்கள். மாலை 5 மணிக்கு வைப்பதில் எங்களுக்கும் இடையூறு உண்டு. எங்கள் ஆசிரியைகள் இருவர் திண்டிவனத்திலிருந்து வருகிறார்கள், கடைசி நேரடிப் பேருந்தை விட்டால் இரண்டு வண்டி மாற வேண்டும். ஆனாலும் பெற்றோர் வராத நேரத்தில் நடத்திப் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாழ்ப்பாளைப் பற்றி எழுதிய தாய்க்கு: அடுத்த கூட்டத்துக்கு முன்பே உங்கள் தலைமையாசிரியரைத் தனியாகச் சந்தித்து, கூட்டப் பொருளில் அதைத் தனி எண்ணாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தனி எண் கொடுத்துவிட்டால் அதற்குத் தனித் தீர்மானம் எழுதியே ஆக வேண்டும். தாழ்ப்பாள் மானியத் தொகைக்குள் அடங்கிவிடும். தண்ணீர் வராததற்கு ஊராட்சியைத்தான் கேட்க வேண்டும் என்றால், குழுவின் கடிதத்தில் உங்கள் கையெழுத்தும் அவருடைய கையெழுத்தும் சேர்ந்தே இருக்கட்டும்.

கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்ற அனுமதி பெற்ற தலைமையாசிரியர்கள் எவரேனும் இதைப் படித்தால், எந்த அலுவலருக்கு எழுதினீர்கள், குழுவின் தீர்மானத்தை இணைத்தீர்களா, ஆசிரியர்கள் வீடு திரும்ப என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்பதைத் தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.