ஊர் நடுவே உள்ள சதுக்கத்தை மாற்றப் போகிறார்கள், கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

தஞ்சாவூரான்:

வணக்கம். நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஊர் நடுவில், பழைய நீதிமன்றக் கட்டடத்துக்கு எதிரே ஒரு சதுக்கம் இருக்கிறது. நாலு பக்கமும் சாலை, நடுவில் புல்வெளி, போர்வீரர் நினைவுத்தூண், ஓரமாகச் சில பெஞ்சுகள். அதை அடியோடு மாற்றப் போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது. அடுத்த மாதம் நூலகத்தில் கூட்டம். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம்.

நூலகச் சுவரில் வரைபடங்களை மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். நீரூற்று, கூரை போட்ட மேடை, இரவில் நிறம் மாறும் விளக்குகள். அழகாகத்தான் இருக்கிறது. என் கவலை வேறு. அம்மா வருஷத்தில் பாதி நாள் எங்களோடு இருக்கிறார். கார் ஓட்டத் தெரியாது. நாங்கள் வேலைக்குப் போன பிறகு அவர் தனியாக நடந்து போகக்கூடிய ஒரே இடம் இந்தச் சதுக்கம்தான். போனால் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுகிறார். பெஞ்சுகள் எல்லாம் சாலையைப் பார்த்தபடி இருக்கின்றன, புல்வெளி முதுகுக்குப் பின்னால். மதியத்தில் நிழல் கிடையாது. கழிப்பறையும் கிடையாது. "உக்காந்தா காரத்தான் பாக்கணும், அதுக்கு நம்ம வீட்டு ஜன்னலே போதும்டா" என்கிறார்.

இதைப் போய்க் கூட்டத்தில் சொன்னால் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடுவார்களோ? எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

சின்ன விஷயமே இல்லை, தஞ்சாவூரான். அவசியம் போங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் கிளீவ்லாந்து டவுன்டவுனில் வேலை பார்க்கிறேன். ஈஸ்டர் சமயத்தில் தியாகராஜ ஆராதனைக்கு வந்து போனவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். ஆராதனை நடக்கும் பல்கலைக்கழகத்து வாசலில், யூக்ளிட் அவென்யூவில் பஸ் ஏறி மேற்கே வந்தால், ஊர் நடுச் சதுக்கமான பப்ளிக் ஸ்கொயர் வரும். தினமும் அதைக் கடந்துதான் போகிறேன், மதியச் சாப்பாட்டையும் பெரும்பாலும் அங்கேதான் சாப்பிடுகிறேன். அதனால் அந்தக் கதையைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

1796-இல் இந்த ஊரை அளந்து மனை பிரித்தபோதே நடுவில் பத்து ஏக்கரைப் பொது இடமாக விட்டுவிட்டார்கள். 1857-இல் சுற்றிலும் வேலி போட்டுப் பூங்காவாக்கினார்கள். சாலை மறிபட்டதே என்று வியாபாரிகள் விடாமல் போராடி, 1867-இல் வேலியை எடுக்க வைத்தார்கள். இந்த இடம் நடப்பவர்களுக்கா வண்டிகளுக்கா என்ற வழக்கு அவ்வளவு பழையது. அப்புறம் ரொம்ப காலம் வண்டிகள் பக்கம்தான் தீர்ப்பு. குறுக்கே இரண்டு அகலமான சாலைகள் ஓடி, சதுக்கம் நாலு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக சிக்னலுக்குக் காத்து நிற்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் எவர் உட்காருவார்?

2016-இல் சுமார் 5 கோடி டாலர் செலவில் மாற்றினார்கள். நியூயார்க்கின் ஹைலைன் பூங்காவை வடிவமைத்த ஜேம்ஸ் கார்னர் நிறுவனம்தான் இதற்கும். வடக்கு தெற்காக ஓடிய ஒன்டாரியோ தெருவைச் சதுக்கத்துக்குள் வராமல் மூடினார்கள். கிழக்கு மேற்காக ஓடும் சுப்பீரியர் அவென்யூவைச் சுருக்கி, பஸ்ஸுக்கு மட்டும் என்று திட்டமிட்டார்கள். நாலு துண்டு இரண்டு துண்டானது. வடக்கே பெரிய புல்வெளி. தெற்கே ஒரு காபிக் கடை, தரையோடு தரையாகத் தண்ணீர் பீச்சும் இடம். குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம் போடுகிறார்கள்.

அந்தத் தண்ணீர் இடத்தை ஒரு கோடை மாலையில் வந்து பாருங்கள். சுற்றுச்சுவர் கிடையாது, தொட்டி கிடையாது, டிக்கெட் கிடையாது. பிள்ளைகள் உடுத்திய துணியோடு ஓடி நனைகிறார்கள். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல் விளிம்பு வளைந்து போகிறது. இரண்டு பேர் முதுகோடு முதுகு வைத்து உட்காரும் அளவுக்கு அகலம். அதில் பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள், மடியில் பேரப்பிள்ளையின் செருப்பும் துண்டும். பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அதே விளிம்பில்தான். முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்படியே பேச்சுக் கொடுப்பார்கள். உங்கள் ஊர் வரைபடத்தில் உள்ள நீரூற்றைச் சுற்றி உட்கார விளிம்பு இருக்கிறதா, அல்லது கம்பி வேலியா என்று பாருங்கள். அந்த ஒரு வித்தியாசம் போதும்.

இனி, கோட்டைவிட்ட இடம். பஸ்ஸுக்காக விட்ட சுப்பீரியர் அவென்யூவில் பஸ்ஸை விடவே இல்லை. 2016 ஜூன் கடைசியில் திறந்தார்கள், பஸ்கள் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அந்த நவம்பரில், பாதுகாப்புக் காரணம் சொல்லி, இனி அப்படித்தான் என்று மேயர் அறிவித்தார். யூக்ளிட் அவென்யூ பஸ் திட்டத்துக்கு மத்திய அரசு பணம் கொடுத்திருந்தது. சதுக்கத்துக்குள் பஸ்ஸை விடாதது அந்த ஒப்பந்தத்தை மீறுவது, 1 கோடியே 20 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடு என்று மத்தியப் போக்குவரத்துத் துறை கேட்டது. 2017 மார்ச்சில் பஸ் உள்ளே வந்தது. கூடவே, நெடுஞ்சாலையில் போடுவார்களே, அந்தக் கான்கிரீட் தடுப்புகளும் வந்தன. அத்தனை கோடி கொட்டிய சதுக்கத்தின் நடுவில் வருஷக்கணக்கில் அவை கிடந்தன. பிறகுதான் எடுத்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பப்ளிக் ஸ்கொயருக்கு நாள் தவறாமல் வருகிறவர்கள் பஸ் பயணிகள்தான். மழையிலும் பனியிலும் அங்கே நிற்பவர்கள் அவர்கள். புதிதாக வரப்போகிறவர்களை மனத்தில் வைத்துப் படம் வரைகிறோம், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களை மறந்துவிடுகிறோம். கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை நாளில் காலை, மதியம், மாலை என்று உங்கள் சதுக்கத்தில் போய் நின்று, யார் யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தில் அவர்களுக்கு இடம் எங்கே என்று கேளுங்கள். உங்கள் அம்மா இன்றைக்கே அங்கே போகிறவர். அவர் கேட்பதற்குத்தான் முதல் உரிமை.

பொருநைக்கரையாள்:

ஏரிக்கரை சொன்ன மாதிரி நின்று எண்ணிப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஒருவர் உண்டு, வில்லியம் ஒயிட். 1970-களில் நியூயார்க் சதுக்கங்களில் கேமரா வைத்துப் படம் எடுத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தார். உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதை வைத்துத்தான் 1975-இல் நியூயார்க் விதியையே மாற்றினார்கள்: சதுக்கத்தில் 30 சதுர அடிக்கு ஓர் அடி நீளம் உட்காரும் இடம் இருந்தாக வேண்டும். தஞ்சாவூரான், உங்கள் வரைபடத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கையில் ஓர் எண் இருந்தால் கூட்டத்தில் பேச்சு எடுபடும்.

நான் பல வருஷம் நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் என்ற பூங்காவின் பக்கத்தில் வேலை பார்த்தேன். 42-ஆம் தெரு, பொது நூலகத்துக்குப் பின்புறம். இன்றைக்குப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், 1970-களில் அது போதை மருந்து விற்கிற இடம். 1934-இல் அமைதியாக இருக்கட்டும் என்று பூங்காவைத் தெருவைவிட உயர்த்தி, சுற்றிலும் கம்பியும் செடிவேலியும் வைத்தார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியாது, உள்ளே மாட்டினால் வெளியே வர வழி குறைவு. நல்லவர்கள் போவதை நிறுத்தினார்கள். ஒயிட் சொன்ன யோசனை, தெருவிலிருந்து பார்வை படும்படி செடிவேலியை எடு, வாசலை அகலமாக்கு, வழிகளைக் கூட்டு. 1988-இல் மூடி 1992-இல் திறந்தார்கள். இடையில் புல்வெளிக்கு அடியிலேயே நூலகத்துக்குப் புத்தகக் கிடங்கும் கட்டிவிட்டார்கள்.

அங்கே எனக்கு மிகப் பிடித்தது நாற்காலிகள். பச்சை நிறத்தில், மடக்கக்கூடியவை, தரையோடு பிணைக்காதவை. உட்காருவதற்கு முன் ஒவ்வொருவரும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துவார்கள், நகர்த்தத் தேவையே இல்லாவிட்டாலும். வெயில் வந்தால் நிழலுக்கு இழுத்துக்கொள்வார்கள், நாலு பேர் வந்தால் வட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். பெஞ்சு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற உங்கள் அம்மாவின் பிரச்சினைக்கு இதுதான் தீர்வு.

அப்புறம் கழிப்பறை. பிரையன்ட் பார்க் கழிப்பறையில் புதுப் பூ வைத்திருப்பார்கள், எப்போதும் ஓர் ஆள் பார்த்துக்கொள்வார். நான் கர்ப்பமாக இருந்தபோது அந்த ஒரு கட்டடத்தால்தான் மதியம் வெளியே வந்து உட்கார முடிந்தது. பெண்கள், முதியவர்கள், சின்னப் பிள்ளைகள் வர வேண்டும் என்றால் முதலில் கழிப்பறை, மற்றதெல்லாம் பிறகு. ஒரு சதுக்கம் நன்றாக இருக்கிறதா என்று அறிய அங்கே பெண்கள் எத்தனை பேர் என்று பார் என்பார் ஒயிட். எங்கே உட்காருவது என்று பெண்கள் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நடைபாதை:

பிரையன்ட் பார்க்கை எல்லோரும் புகழ்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அதை நடத்துவது ஒரு தனியார் அமைப்பு. சுற்றியுள்ள கட்டடக்காரர்களிடம் வாங்கும் வரி, உணவகத்து வாடகை, நிகழ்ச்சிகள் என்று பணம் வருகிறது. 1993 முதல் 2010 வரை ஃபேஷன் வீக் கூடாரங்கள் புல்வெளியை அடைத்துக்கொண்ட காலம் உண்டு. பொது இடத்தை வாடகைக்கு விடலாமா என்று பலர் கோபப்பட்டார்கள். உங்கள் ஊரில் சதுக்கத்தை யார் நடத்தப் போகிறார்கள், வருஷத்தில் எத்தனை நாள் வாடகைக்கு விடுவார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. பெஞ்சின் நடுவில் இரும்புக் கை வைப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். யாரும் படுக்கக் கூடாது என்பதற்காக. அம்மாவுக்காக நாம் கேட்கப் போய், வீடில்லாதவரை விரட்டுகிற சதுக்கமாக அது முடிந்துவிடக் கூடாது. அவருக்கும் அது ஊர்தானே.

ஏரிக்கரை:

நடைபாதை சொல்வது சரி. ஆனால் பெஞ்சில் கையே வேண்டாம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு எழுந்திருக்க ஒரு பிடி வேண்டும். இரண்டு ஓரத்திலும் கை, நடுவில் ஒன்றும் இல்லை, முதுகுக்குச் சாய்மானம் என்று கேளுங்கள். கல் விளிம்பு எனக்குச் சரி, எழுபது வயதுக்காரருக்கு அது மட்டும் போதாது.

தஞ்சாவூரான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவோடு போய் மாலை முழுக்கச் சதுக்கத்தில் இருந்தேன். நான் கவனிக்காத ஒன்றை அம்மா காட்டினார். நூலகம் மூடியதும் பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நினைவுத்தூணின் படியில் வந்து உட்காருகிறார்கள், பெற்றோர் வந்து கூட்டிப் போகும்வரை. புது வரைபடத்தில் அந்தப் படிகளே இல்லை. அதை எழுதிக்கொண்டேன்.

இரண்டு சந்தேகம். நகர்த்தும் நாற்காலி கேட்டால் திருடு போகும் என்பார்களே? எங்கள் ஊர்ப் பனிக்கு என்ன செய்வது? கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தானாம்.

பொருநைக்கரையாள்:

பிரையன்ட் பார்க்கிலும் அதே பயம் இருந்தது. கொஞ்சம் காணாமல் போகும், வாங்கிப் போடுவார்கள். கான்கிரீட் பெஞ்சு உடைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

பனிக்காலத்துக்கு டெட்ராய்ட் நகர நடுவில் உள்ள கேம்பஸ் மார்ஷியஸ் பூங்காவைக் காட்டுங்கள், நம்மைப் போலவே பனி கொட்டும் ஊர். 2004-இல் திறந்தார்கள். கோடையில் மணல் கொட்டிக் கடற்கரை மாதிரி, குளிரில் சறுக்குத் தளம்.

முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2009-இல் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் பிராட்வே சாலையை வண்டிகளுக்கு மூடியபோது கல்லா பதித்தார்கள்? தடுப்பு வைத்து, மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். அன்றைக்கே மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடப்பவர்களுக்கு ஏற்படும் காயங்கள் 35 சதவீதம் குறைந்தன. அதைக் காட்டித்தான் நிரந்தரமாக்கினார்கள். உங்கள் ஊரிலும் ஒரு கோடைக்கு ஒரு பக்கச் சாலையை மூடி, நாற்காலி, பெரிய குடை, வாடகைக் கழிப்பறை வைத்துப் பார்க்கட்டும். புதிதாக நடும் மரம் நிழல் தர வருஷங்கள் ஆகும், குடை அன்றைக்கே தரும்.

மூன்று நிமிடத்தில் எல்லாம் சொல்ல முடியாது. எண்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேச்சில் படியில் உட்காரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள், பெஞ்சைப் பற்றி அம்மா தமிழிலேயே பேசட்டும், நீங்கள் மொழிபெயருங்கள். மொழிபெயர்ப்புக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று நகராட்சி அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், கூட்டத்தன்று கேட்டால் தர மாட்டார்கள்.