டொயோட்டா ஐக்யூவின் அடிப்பக்கப் படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. 2008இல் வந்த டொயோட்டா ஐக்யூ என்ற குட்டிக் காரின் குறுக்குவெட்டுப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். மொத்த நீளமே 2,985 மி.மீ.தான், அதற்குள் நான்கு இருக்கை! (நாலாவது ஆள் குழந்தையாக இருந்தால் நல்லது.) பெட்ரோல் டேங்கைத் தட்டையாக்கித் தரைக்கு அடியில் வைத்தது புரிகிறது. சிக்கல் முன்பக்கம்தான். வழக்கமாக எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலை (எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) முன்னால் கொண்டுவந்து, சக்கரங்களையும் முன்னே தள்ளியிருக்கிறார்கள். அதனால் ஸ்டீயரிங் கியர் மேலே ஏறிவிட்டது. சரி, அங்கிருந்து டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) சக்கரத்துக்கு எந்தக் கோணத்தில் இறங்குகிறது? மூன்று முறை வரைந்து அழித்ததில் தாளே ஓட்டையாகிவிட்டது. ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ இந்த வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்த மெக்கானிக் அண்ணன்மார் இருந்தால் சொல்லுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றிய நிலையில் ஒரே ஒரு படம் போதும். பேனாவில் கிறுக்கி அனுப்பினாலும் சரி.