ஐபியில் தியேட்டர் எடுக்கலாமா? முதலில் வேதியியலைப் பாருங்கள்

நெதர்லாந்துக்கு வேலை மாறி வரும் நம்மவர்களின் பிள்ளைகள் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற வயதில் இருந்தால் பெரும்பாலும் இன்டர்நேஷனல் பள்ளிதான். டச்சு தெரியாமல் உள்ளூர்ப் பள்ளியின் மேல் வகுப்பில் சேர்வது கஷ்டம். அங்கே கடைசி இரண்டு வருடம் ஐபி டிப்ளமா, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலரியேட் என்ற பாடத்திட்டம். போன வாரம் ஃபெல்ட்ஹோவனுக்குப் புதிதாக வந்த நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, பையன் தியேட்டர் எடுக்கிறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். விடலாமா?" தியேட்டர் என்றால் நாடகப் பாடம். ஐபியில் ஒரு பாடத்தை ஸ்டாண்டர்ட், அதைவிட ஆழமான ஹையர் என்று இரண்டு நிலையில் எடுக்கலாம். எங்கள் பெரிய பெண் அதை ஹையர் லெவலில் முடித்தவள். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவருடைய பயம் மார்க்கைப் பற்றி. அது வீண் பயம். கணிதம் போலவே தியேட்டருக்கும் 7 புள்ளிதான். ஆறு பாடம், 42. கட்டுரை முதலிய மற்ற வேலைகளுக்கு 3. மொத்தம் 45. நாடகம் என்பதால் யாரும் குறைத்துப் போடுவதில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. ஐபியில் பாடங்கள் ஆறு கட்டமாக வரும்: தாய்மொழி போல் படிக்கும் மொழி, இரண்டாவது மொழி, வரலாறு பொருளாதாரம் போன்றவை, அறிவியல், கணிதம், கடைசியாகக் கலை. அந்தக் கலைக் கட்டத்தில் கலையே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொரு அறிவியலை எடுக்கலாம். நம் பிள்ளைகள் இயற்பியல், வேதியியல் இரண்டையும் சேர்த்துப் படிப்பது அந்த வழியில்தான். அங்கே தியேட்டர் வந்து உட்கார்ந்தால் பொதுவாக ஒரே ஒரு அறிவியல்தான் மிஞ்சும். இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பி தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்குக்குப் போகும் எண்ணம் இருந்தால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். நீட் என்றால் உயிரியலோடு மற்ற இரண்டு அறிவியலும் வேண்டும். இங்கேயே டெல்ஃப்ட், ஐன்ட்ஹோவன் மாதிரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றாலும், பிடித்த படிப்பு என்னென்ன பாடம் கேட்கிறது என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பெண் உளவியல் என்று முன்பே முடிவு செய்திருந்தாள். உயிரியல் ஒன்றே போதும் என்று இருந்தது. அதனால் தப்பித்தோம். முன்யோசனை என்று பெருமையடிக்க ஒன்றுமில்லை.

சில பள்ளிகளில் 'லிட்ரேச்சர் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று ஒரு பாடம் உண்டு. மொழிக் கட்டத்துக்கும் கலைக் கட்டத்துக்கும் அது ஒன்றே கணக்காகும். அப்போது இரண்டாவது அறிவியலுக்கு இடம் கிடைக்கும். அந்தப் பாடம் ஸ்டாண்டர்ட் லெவலில் மட்டும்தான். எல்லாப் பள்ளியும் நடத்துவதில்லை, ஆனால் கேட்பதில் நஷ்டமில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். ஆண்டு விழா நாடகம் மாதிரி என்று நானும் நினைத்திருந்தேன். ஸ்டாண்டர்ட் லெவலுக்கு 150 மணி நேரம், ஹையருக்கு 240. மே மாதத்தில் எழுத்துத் தேர்வு கிடையாது. அதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், ஏனென்றால் இரண்டு வருடமும் தேர்வு நடந்துகொண்டேதான் இருக்கும். ஒரு நாடகப் பிரதியை எப்படி மேடையேற்றுவேன் என்று திட்டம் எழுத வேண்டும். ஏதாவது ஒரு நாட்டின் நாடக மரபை ஆராய்ந்து செய்து காட்ட வேண்டும். குழுவாகச் சேர்ந்து புதிதாக ஒரு நாடகம் உருவாக்க வேண்டும். ஹையர் லெவல்காரர்களுக்கு மட்டும் இவற்றோடு தனி நடிப்பு. ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட் மாதிரி ஒரு நாடகச் சிந்தனையாளரின் கொள்கையை எடுத்துக்கொண்டு தானே உருவாக்கி நடிக்க வேண்டும். அதற்கு மட்டும் 35 சதவீதம். கூடவே அறிக்கை வேறு. நடித்த அழகைவிட, ஏன் அப்படி நடித்தாய், எது வேலை செய்தது, எது சொதப்பியது என்று எழுதுவதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கூச்சப்படுகிற பிள்ளைக்கும் இது ஒத்துவரும். ஒளி, மேடை, உடை வடிவமைப்பும் பாடத்தில் சேர்த்தி.

நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்த நாடக மரபு ஆராய்ச்சியில். மரபு அவர்களுக்கு முன்பழக்கம் இல்லாததாக இருக்க வேண்டும். எங்கள் பெண் பத்து வருடம் பரதம் படித்தவள், அதையே செய்து முடித்துவிடலாம் என்று போனாள், ஆசிரியர் மறுத்துவிட்டார். கடைசியில் ஜப்பானிய நோ நாடகத்தில் வந்து நின்றாள். முதல் வரைவில் சிபிஎஸ்இ பழக்கம் அப்படியே தெரிந்தது: பதினான்காம் நூற்றாண்டு, நோவை வளர்த்த ஸெயாமி, முகமூடி வகைகள் என்று நாலு பக்கம் வரலாறு. ஆசிரியர் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: "உன் உடம்பு எங்கே?"

அப்புறம்தான் சுரியாஷியைப் பிடித்தாள். குதிகால் தரையை விடாமல் இழைந்து நடக்கும் நடை. பரதத்தில் தட்டித் தட்டிப் பழகிய கால் அதற்கு வளைந்தே கொடுக்கவில்லை. சாக்ஸ் போட்டுக்கொண்டு வரவேற்பறை மரத்தரையில் இரவெல்லாம் நடந்தாள். அரைமண்டியில் உட்காரத் துடிக்கும் முழங்காலை அடக்குவதைப் பற்றி எழுதியபோதுதான் கட்டுரைக்கு உயிர் வந்தது. பழைய பயிற்சி இப்படிக் கைகொடுக்கும், மறைக்க வேண்டாம்.

எனக்குச் செஞ்சிப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். அவள் தனி நடிப்புக்குப் பிரெக்ட்டை எடுத்துக்கொண்டு, பார்வையாளர் கதையில் மூழ்கிவிடாமல் தள்ளி நிறுத்துவது எப்படி என்று சாப்பாட்டு மேசையில் விளக்கினாள். "இதைத்தான் எங்க ஊர் கட்டியங்காரன் செய்வான்" என்றேன். துரியோதனன் வேஷக்காரர் மேடையேறியதும் குறுக்கே புகுந்து, யாரய்யா நீ என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைப்பவன். இரண்டும் ஒன்றா என்று அன்றைக்கு வெகுநேரம் சண்டை. பிரெக்ட்டே 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங் நடித்துக் காட்டியதைப் பார்த்து அதைப் பற்றி எழுதியவர்தான் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் தங்கை கல்யாணம் முடித்து, பொங்கல் வரை இருக்கலாம் என்று டிக்கெட் போட்டுவிட்டோம். இங்கே லேர்ப்ளிக்ட் என்று கட்டாயக் கல்விச் சட்டம் உண்டு. பள்ளி நாட்களில் அனுமதியில்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போனால் அபராதம் வரலாம். அதுகூடப் பரவாயில்லை. குழு நாடகத்தின் ஒத்திகை சரியாக அந்த வாரங்களில். குழு இரண்டிலிருந்து ஆறு பேர். அவள் குழுவில் நாலே பேர். ஒருத்தி போனால் மற்ற மூவரின் நாடகமும் நொண்டும். டிக்கெட்டை மாற்றி, தேதி வித்தியாசத்துக்குத் தண்டமாகக் கட்டினோம். பள்ளியின் இரண்டு வருடக் காலக்கெடு அட்டவணையை முதல் மாதமே வாங்கிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். தியேட்டர் வகுப்பில் எத்தனை பேர் என்றும் அப்போதே கேளுங்கள்.

செலவு அதிகமில்லை. எழுத்தோ படமோ இல்லாத கறுப்பு டீ-ஷர்ட், கறுப்பு பேன்ட் இரண்டு செட் வேண்டும். என் மாமியார் இங்கே இருந்த மூன்று மாதமும் "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறுப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிள்ளை நிறைய நாடகம் பார்க்க வேண்டும், அதற்கு மொழி ஒரு தடை. ஆம்ஸ்டர்டாமில் ஐடிஏ என்ற நாடகக் குழு வியாழக்கிழமைக் காட்சிகளுக்கு மேலே ஆங்கில எழுத்து ஓட விடுவது வழக்கம். ஐன்ட்ஹோவனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. திரும்பும் ரயில் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் பள்ளி இருக்கும்.