ஆர்-60 பஞ்சு போட்ட பிறகும் அட்டிக் மூடியடியில் குளிர்கிறது

ஸ்காபரோ வாசி:
வணக்கம். எங்களுடையது 1970களில் கட்டிய இரண்டு மாடி வீடு. சென்ற ஆண்டு அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளி) ஆர்-60 அளவுக்குக் கண்ணாடிப் பஞ்சு ஊதி நிரப்பினோம் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு; எண் கூடினால் தடுப்பும் கூடும்). ஆயினும் மாடி நடையில், அட்டிக்குக்கு ஏறும் வாசலின் கீழே நின்றால் உச்சந்தலையில் குளிர் இறங்குகிறது. மூடி வெறும் அரை அங்குல ஒட்டுப்பலகை. சட்டத்தின் மேல் சும்மா கிடக்கிறது. அதன் ஓரத்தைச் சுற்றிப் பெயின்ட் கறுத்தும் இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி வாசலுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கூரைக்காரன்:
மெனக்கெடத்தான் வேண்டும். அந்தப் பலகையோடு அதன் இருபுறமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஆர்-2ஐத் தாண்டாது; ஆகவே உங்கள் நான்கு சதுர அடி மூடி, ஆர்-60 போட்ட 120 சதுர அடி இழக்கும் வெப்பத்தைத் தனியொன்றாக இழக்கிறது. இதில் இடுக்கு வழியே போகும் காற்று சேரவில்லை. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலெழுந்து அந்த இடுக்கில் புகும்போது சமையல், குளியல் ஈரத்தையும் கொண்டுபோகிறது; அந்த ஈரம் கூரைப் பலகையிலும் ஆணி முனைகளிலும் உறைபனியாகப் படிந்து, வெயில் வந்ததும் உருகிப் பஞ்சின் மேல் சொட்டுகிறது. ஓரத்துக் கறுப்பு அந்தக் காற்று விட்டுப்போன தூசியாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம்.

முதலில் காற்றை அடையுங்கள். மூடி அமரும் விளிம்பு முழுவதும் ரப்பர்ப் பட்டி ஒட்டி, மூடியை அதன் மேல் இறுக்கிப் பிடிக்க இரண்டு கொக்கிகள் பொருத்துங்கள். பாரமில்லாத மூடி தானாக அழுந்தாது. பிறகு மூடியின் முதுகில் இரண்டு அங்குல ஃபோம் பலகை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் ஏறத்தாழ ஆர்-20 வரும். ஃபோமுக்கென்றே விற்கும் பசையை வாங்குங்கள், சில பசைகள் அதைக் கரைத்துவிடும் (நான் ஒரு பலகையைப் பறிகொடுத்தவன்). பலகையைச் சற்றுச் சிறிதாக வெட்டாவிட்டால் மூடி சட்டத்தில் சிக்கும். வாசலைச் சுற்றிப் பஞ்சை விட உயரமாகப் பலகையால் ஒரு வரம்பும் கட்டுங்கள். இல்லாவிட்டால் திறக்கும்போதெல்லாம் பஞ்சு தலையில் கொட்டும்.

மேப்பிள்:
ஒரு எச்சரிக்கை. 1990க்கு முந்திய வீடென்பதால், புதுப் பஞ்சுக்கு அடியில் சரளை போல் மினுங்கும் பழைய வெர்மிகுலைட் (அக்காலத்தில் பஞ்சுக்குப் பதில் கொட்டிய கனிமத் துகள்) இருக்கக்கூடும். அதில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருக்க வாய்ப்புள்ளது. கண்டால் கிளறாமல் மூடிவிட்டு, முதலில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

ஸ்காபரோ வாசி:
இருவருக்கும் நன்றி. வெர்மிகுலைட் இல்லை. கடந்த சனிக்கிழமை வேலையை முடித்தேன். முன்பு அம்மாவின் ஊதுபத்தியை விளிம்பருகே பிடித்தபோது புகை நேராக இடுக்குக்குள் இழுபட்டது. இப்போது மூன்று பக்கமும் அசையாமல் மேலெழுகிறது. நான்காம் பக்கத்தில் மட்டும் இன்னும் லேசாகச் சாய்கிறது.

கூரைக்காரன்:
அது மூடியின் பிழையாக இராது. சட்டத்துக்கும் சீலிங்குக்கும் இடையே, அலங்காரப் பட்டிக்குப் பின்னால் சந்து இருக்கும். பட்டியைக் கழற்றி, அந்த இடைவெளியை கோக்கிங் பசையால் (இடுக்கு அடைக்கும் பசை) நிரப்பிவிட்டு மறுபடி ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள்.