பீட்சாவுக்கு எந்த ரெட் ஒயின்? (குடும்பக் குழு, சனிக்கிழமை சாயங்காலம்)

*4:48*
அண்ணி: மாவு நல்லா உப்பி வந்துடுச்சு. ஏழு மணிக்கு முதல் பீட்சா ஓவன் அடுப்புல போகுது. தம்பி, ஒயின் உங்க பொறுப்பு.

நான்: கடையிலதான் நிக்கறேன் அண்ணி. இத்தாலி ரெட் மட்டும் ஒரு அலமாரி முழுக்க இருக்கு. போன தடவை மாதிரி ஆயிடக்கூடாது. சித்தப்பா, இருக்கீங்களா?

அண்ணா: போன தடவை வாங்கினது பரோலோ. இருந்ததுலயே விலை கூடினது. பீட்சா ஒரு வாய், அது ஒரு வாய் குடிச்சதும் நாக்கெல்லாம் இழுத்துப் பிடிச்சிடுச்சு. பாதி பாட்டில் அப்படியே மிச்சம்.

சித்தப்பா: இருக்கேன்டா. பரோலோ அருமையான ஒயின், அது மேல தப்பே இல்ல. நெபியோலோ திராட்சை, துவர்ப்பு ரொம்ப ஜாஸ்தி. கொழுப்பும் புரதமும் நிறைய இருக்கற இறைச்சியோட சாப்பிட்டா அந்தத் துவர்ப்பு அடங்கிடும். நாம போட்டது நிறைய தக்காளி, கொஞ்சமா சீஸ். அடங்க இடமே இல்ல.

சித்தப்பா: இன்னொண்ணு, பரோலோவை அறுவடை வருஷத்து நவம்பர் 1லேர்ந்து 38 மாசம் வச்சிருக்கணும். அதுல 18 மாசம் மரப்பீப்பாயில. அத்தனை நாள் காத்திருப்புக்கும் சேர்த்துதான் நாம பணம் கொடுக்கறோம். பீட்சாவுக்கு அது தேவையே இல்லாத செலவு.

அப்பா: அப்ப என்னதான் பாக்கணும்?

சித்தப்பா: புளிப்புண்ணே. தக்காளி புளிப்பு, அதுக்கு ஈடு கொடுக்கற புளிப்பு ஒயின்லயும் இருக்கணும். இல்லன்னா ஒயின் சப்புன்னு ஆயிடும். புளிப்பு தூக்கலா, துவர்ப்பு கம்மியா. இத மட்டும் மனசுல வச்சிக்கிட்டா அந்த அலமாரியில முக்கால்வாசி தானா கழிஞ்சிடும்.

*4:57*
நான்: பேர் சொல்லுங்க சித்தப்பா, கடைக்காரர் பாத்துட்டே இருக்கார்.

சித்தப்பா: முதல்ல பார்பெரா தாஸ்தி தேடு. இல்லன்னா பார்பெரா தால்பா. பரோலோ வர்ற அதே பியெமோந்தே மாகாணம்தான். நான் துரின்ல வேலை பாத்தப்ப சாயங்கால மேசையில தினம் இருந்தது இதுதான். பரோலோ விசேஷத்துக்கு, பார்பெரா சோத்துக்குன்னு வச்சிருந்தாங்க. நிறம் நல்ல அடர்த்தியா இருக்கும், ஆனா நாக்கை இழுக்காது. புளிப்பு பளிச்சுன்னு நிக்கும்.

சித்தப்பா: லேபிள்ல சுப்பீரியோரேன்னு போட்டிருந்தா அது மரப்பீப்பாயில கொஞ்ச காலம் இருந்தது. இன்னைக்கு வேண்டாம். சாதா பார்பெரா, ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள அறுவடை பண்ணது போதும்.

நான்: பார்பெரா தாஸ்தி இருக்கு! பரோலோ வாங்கின காசுக்கு மூணு பாட்டில் வரும் போல.

அண்ணா: கியாந்தி நல்லா இருக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்களே?

சித்தப்பா: நல்லாவே இருக்கும். டஸ்கனி ஒயின், சாஞ்சொவேசே திராட்சை, புளிப்புச் செர்ரி மாதிரி ருசி. பார்பெரா கிடைக்கலன்னா நான் அதைத்தான் எடுப்பேன். ரிசர்வான்னு இருக்கறத மட்டும் விட்டுடணும், அது கூடுதல் நாள் வச்சது, விலையும் ஏறும்.

அப்பா: மோன்தெபுல்ச்சானோன்னு ஒண்ணு குடிச்சிருக்கேன். அது என்ன ரகம்?

சித்தப்பா: அதுல ஒரு குழப்பம் இருக்குண்ணே. மோன்தெபுல்ச்சானோ தப்ரூட்ஸோன்னா அது திராட்சை பேரு, ரோமுக்குக் கிழக்க அப்ரூட்ஸோ மாகாணம். வீனோ நோபிலே தி மோன்தெபுல்ச்சானோன்னா டஸ்கனியில அந்தப் பேர்ல இருக்கற ஊர், திராட்சை முக்கியமா சாஞ்சொவேசே. பேர் ஒண்ணு, ஒயின் வேற, விலையும் வேற. நமக்கு அப்ரூட்ஸோதான். பார்பெரா அளவுக்குப் புளிப்பு இருக்காது, ஆனா மிருதுவா, மனசுக்கு நெருக்கமான ஒயின். காளான் பீட்சாவுக்கு நான் அதைத்தான் கொடுப்பேன்.

*5:06*
அண்ணி: சின்ன மாமா, இன்னைக்கு மூணு வகை போடறேன். ஒண்ணு வெறும் தக்காளி, மொசரெல்லா சீஸ், பேசில் இலை. ரெண்டாவது சலாமி, அதான் உப்புல பதப்படுத்தின கொழுப்பு இறைச்சி. மூணாவது அவருக்காக மிளகாய் தூக்கலா.

சித்தப்பா: முதலாவதுக்கு பார்பெரா, பேச்சே வேண்டாம். சலாமிக்கு லாம்ப்ருஸ்கோ எடுக்கச் சொல்லும்மா.

நான்: அது இனிப்பா, நுரைக்கற ஒயின்தானே?

சித்தப்பா: நுரைக்கும், ஆனா எல்லாமே இனிப்பு இல்ல. லேபிள்ல செக்கோன்னு இருக்கணும், அதுதான் இனிப்பில்லாதது. அமாபிலே, டோல்ச்சே ரெண்டும் இனிப்பு. மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா பக்கத்து ஒயின் அது. அந்த ஊர்க்காரங்க சலாமியும் பார்மிஜானோ சீஸும் அதோடதான் சாப்பிடுவாங்க. கொழுப்பு நாக்குல படியுது பாரு, அந்த நுரையும் புளிப்பும் அதைத் துடைச்சு எடுத்துடும். அடுத்த வாய் முதல் வாய் மாதிரியே இருக்கும். நேப்பிள்ஸ் பக்கத்துலயும் க்ரஞ்ஞானோன்னு ஒரு நுரைக்கிற ரெட் உண்டு, அங்க பீட்சாவுக்கு அதைத்தான் தேடுவாங்க.

அண்ணா: என் மிளகாய் பீட்சாவுக்கு?

நான்: இங்க ப்ரிமிதீவோ ஒண்ணு தள்ளுபடியில இருக்கு. ஆல்கஹால் 14.5 சதவீதம்.

சித்தப்பா: வேணாம்டா! ஆல்கஹால் கூடக்கூட மிளகாய் எரிச்சல் கூடும். புலியா மாகாணத்து ஒயின், நல்லா பழுத்த ருசி, இன்னொரு நாள் பாத்துக்கலாம். மிளகாய்க்கும் லாம்ப்ருஸ்கோவையே ஊத்து. ஆல்கஹால் பெரும்பாலும் 11, 12 சதவீதத்துக்குள்ள இருக்கும், குளுகுளுன்னும் குடிக்கலாம்.

அம்மா: எனக்கு ஒண்ணும் வேண்டாம். எலுமிச்சம்பழம் பிழிஞ்ச சோடா போதும்.

சித்தப்பா: எனக்கும் அதே அண்ணி. சித்தியை ராத்திரி ஸ்டேஷன்ல விடணும், வண்டி ஓட்டணும்.

நான்: சித்தப்பா, நீங்க இல்லாமயா?

சித்தப்பா: மோந்து பாக்கறேன், போதும். ஒரு பாட்டில்ல அஞ்சு கிளாஸ் வரும். ஆளுக்கு ரெண்டு கிளாஸ்னாலும் நாலு பேருக்கு ரெண்டு பாட்டில் தாராளம். ஒண்ணு ஒண்ணு எடு.

*5:21*
நான்: 📷 பார்பெரா தாஸ்தி, லாம்ப்ருஸ்கோ செக்கோ. வாங்கியாச்சு.

சித்தப்பா: சபாஷ். லாம்ப்ருஸ்கோவை இப்பவே ஃப்ரிட்ஜ்ல வை. பார்பெராவை ஊத்தறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வச்சு எடு. ரெட் ஒயினை அறைச் சூட்டுல குடிக்கணும்னு சொல்வாங்களே, அது குளிரான பழைய வீடுகளுக்குச் சொன்னது. 15, 16 டிகிரியில பார்பெரா குடிச்சுப் பாரு, வேற ஒயின் மாதிரி இருக்கும். சூடா இருந்தா ஆல்கஹால் வாசனைதான் மூக்குல ஏறும்.

அப்பா: நான் ஃப்ரிட்ஜ்ல இடம் பண்ணி வைக்கிறேன்.

*9:40*
அண்ணா: சலாமி பீட்சா தட்டுல ஒரு துண்டு இல்ல. லாம்ப்ருஸ்கோவும் காலி. மிளகாய்க்கு நான் பயந்த எரிச்சலே இல்ல.

அப்பா: எனக்கு பார்பெராதான். தக்காளியோட அப்படியே ஒட்டிப்போச்சு. எது ஒயின் புளிப்பு, எது சாஸ் புளிப்புன்னே தெரியல.

அண்ணி: சின்ன மாமா, பார்பெரா ரெண்டு கிளாஸ் மிச்சம் இருக்கு. என்ன பண்ண?

சித்தப்பா: கார்க்கை இறுக்கி அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வைம்மா, ரெண்டு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. மாவு மிச்சம் இருக்கா?

அண்ணி: ஒரு உருண்டை இருக்கு மாமா.

சித்தப்பா: அதையும் பக்கத்துலயே வை. நாளைக்கு மத்தியானம் வண்டி இல்லாம நடந்தே வரேன்.